தண்ணீருக்கு முதுகு காட்டிய பெஞ்சுகள்

பொதுநலம் என்று சொல்லி என் வாழ்நாளில் நான் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் சொந்த நலத்துக்காகத்தான் செய்தேன். சொந்த நலமாவது நிறைவேறியதா என்றால், அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுத வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான புதிது. அப்பாவுக்கு, மலையாளம் பேசுகிற ஊரில், சாலை என்ற கடைவீதியில் அரிசி மொத்த வியாபாரம். வீடு ஆரியசாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், அப்பாவின் விதவைச் சகோதரியான அத்தை, கடைசியாக நாங்கள் இருவர். அத்தையின் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணுக்குப் போக வேண்டிய கூர்மையும் சேர்ந்து காதுக்குப் போயிருந்தது. நான் இங்கே தும்மினால் அங்கிருந்து "சுக்கு போட்டுத் தரட்டா மக்களே?" என்று குரல் வரும். புதுக் கல்யாணக்காரர்கள் என்ன பேசிக்கொள்வார்களோ அதையெல்லாம் நாங்கள் கண்ஜாடையில் பேசிப் பழகியிருந்தோம். அரிசி விலையைக்கூட ஜாடையில் சொல்ல என்னால் முடிந்தது.

வெளியே போய்ப் பேசலாமே என்பீர்கள். போனோம். சங்குமுகம் கடற்கரைக்குக் கிளம்பினால் அண்ணன் பிள்ளைகள் மூன்றும் எங்களுக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும். சினிமாவுக்குப் போனால் வாய் திறந்தவுடன் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். தம்பானூரில் ஒரு ஹோட்டலின் ஃபேமிலி ரூமில் போய் உட்கார்ந்தோம். தோசை வைத்த பையன் அப்பாவைத் தெரியும் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றான்.

மாசி மாதத்தில் ஒரு நாள், துணி மடிக்கிற சாக்கில், என் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, உங்ககிட்ட ஒரு காரியம் பேசணும். கொஞ்ச நேரம் போதும். ஆனா வேற ஒருத்தரும் கேக்காத எடமா இருக்கணும்."

அது என்ன காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்களையும் என்னைப்போல் காக்க வைப்பானேன்? அவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியப் பயிற்சி முடித்தவள். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இடம் காலியாகப் போகிறது, கோடை விடுமுறை முடிந்து திறக்கும்போது சேர முடியுமா என்று அங்கே தலைமையாசிரியையாக இருந்த அம்மாள் கோயில் வாசலில் வைத்து அவளைக் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை வேலைக்குப் போனதில்லை. அவள் என்னைக் கேட்க வேண்டும், நான் அப்பாவைக் கேட்க வேண்டும், அப்பா சரி என்று சொல்ல வேண்டும். அப்பாவை நான் எதுவும் கேட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குக்கூட அவர்தான் என்னைக் கேட்டார்.

இடம் வேண்டும் என்று அவள் சொன்னதும் எனக்கு அந்தப் பழைய படகுக் கடவு ஞாபகம் வந்தது.

புத்தனாற்றுக் கால்வாய் ஓரத்தில், சாலையிலிருந்து நடந்தால் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஒரு காலத்தில் ஆலப்புழைப் பக்கமிருந்து அரிசியும் கொப்பரையும் கெட்டுவள்ளம் என்கிற பெரிய படகுகளில் வந்து அங்கேதான் இறங்கும். சரக்குப் போட்டு வைக்கிற கிட்டங்கிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் ஒரு தேங்காயெண்ணெய் ஆலையும் உண்டு. லாரிகள் வந்த பிறகு வள்ளங்கள் நின்றுபோயின. ஆலையும் மூடிவிட்டது. நான் பார்க்கும்போது கிட்டங்கிகளுக்குக் கூரை இல்லை. மூட்டை தூக்கும் கப்பி துருப்பிடித்துத் தொங்கியது. உள்ளே வௌவாலும், வெளியே சீட்டாடுகிறவர்களும். அந்த இடம் சாலை வியாபாரிகளில் பத்துப் பதினைந்து பேருக்குப் பொதுவில் சொந்தம். எல்லாருக்கும் சொந்தமானதால் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

எங்கோ வெளிநாட்டில் ஒரு பழைய துறைமுகத்தில் கிட்டங்கிகளை இடித்துவிட்டுப் பூங்கா போட்டிருக்கிறார்கள் என்று வாரப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்திருந்தேன். அந்தப் படத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒரு ஆணும் பெண்ணும். அவர்களுக்கு முன்னால் தண்ணீர். சுற்றிலும் அத்தை யாரும் இல்லை. எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

"நீ பேச வேண்டியதை வச்சுக்கோ. ஒரு எடம் கட்டித் தாறேன்" என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போது ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பப் போகிற ராஜாவின் முகம் எனக்கு வந்திருக்க வேண்டும். அவள் துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

வியாபாரிகள் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். பி.ஏ. படித்தவன் என்பதால் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார்கள். காற்று, பசுமை, குடும்பங்கள், குழந்தைகள் என்று அடுக்கினேன். பருப்புக் கடை அண்ணாச்சி கொட்டாவி விட்டார். அவர்தான் கூட்டத்தில் மூத்தவர்.

"பார்க்குல போய் என்னவே செய்யணும்?" என்றார்.

"சும்மா உக்காரணும் அண்ணாச்சி."

"அதத்தான கடையில செய்யுதோம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கையில் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "பெஞ்சுக்கு ஒருத்தர் உபயம். பேரு கல்லுல வெட்டிரலாம்" என்றேன்.

கொட்டாவி பாதியில் நின்றது. எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் அதன்மேல் உபயம் இன்னார், இன்னார் மகன், இன்ன கடை என்று பெயின்டால் எழுதிவிடுவார்கள். வெளிச்சம் மிச்சமிருக்கும் இடத்தில் வந்தால் போதும். வத்தல் மண்டிக்காரர் முதலில் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதைப் பார்த்துப் பருப்புக் கடை அண்ணாச்சி இரண்டு பெஞ்சு என்றார். நான் செக்ரட்டரி ஆக்கப்பட்டேன். எல்லாவற்றையும்விட ஆச்சரியம், மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாசல் பக்கத்துல ஒண்ணு நம்ம பேருல போடு" என்றார். என் முயற்சி ஒன்றுக்கு அப்பா ஆதரவு தெரிவித்தது அதுதான் முதல் தடவை. அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்துதான் போனேன்.

பெயர்தான் வினையாக வந்து முடிந்தது. முதலில் பெயர் மட்டும் என்று இருந்தது. பிறகு தகப்பனார் பெயர், சொந்த ஊர், கடையின் பெயர் என்று நீண்டது. எழுத்து விரல் உயரம் போதும் என்று நான் சொன்னேன். சாண் உயரம் வேண்டும் என்றார்கள். இவ்வளவும் அடங்க வேண்டுமானால் பெஞ்சின் சாய்மானம் உயர வேண்டும். ஒருவர் உயர்த்தினால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? கடைசியில் ஒவ்வொரு சாய்மானமும் ஆள் மட்டத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் பெஞ்சு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி.

"தண்ணியப் பாத்து" என்றேன் நான். அதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"அப்ப பேரு?" என்றார் வத்தல் மண்டிக்காரர்.

"பேரும் தண்ணியப் பாத்துதான் இருக்கும்."

"தண்ணிக்குள்ள யாருவே இருக்கா வாசிக்கதுக்கு? கரிமீனா?"

"அப்ப பேரைச் சாய்மானத்துக்குப் பின்னால வெட்டுவோம். உக்காருறவன் தண்ணியப் பாக்கட்டும். ரோட்டுல போறவன் பேரைப் படிக்கட்டும்."

இன்றைக்கும் இது நல்ல யோசனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். பருப்புக் கடை அண்ணாச்சி ரொம்பவும் பொறுமையாக விளக்கினார். "தம்பி, கடைக்கு மொகம் எது? ரோடு. தண்ணி எது? பொறவாசல். சரக்கு எறக்குவோம், சாக்கு ஒதறுவோம், பூச்சி விழுந்ததக் கொண்டு தட்டுவோம். என் அப்பா பேரக் கொண்டு பொறத்தால எழுதச் சொல்லுதீரே, உமக்கே நல்லாருக்கா?"

எனக்கு நல்லாயில்லை என்று ஆகிவிட்டது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் அரிசிக் கடையில் வளர்ந்தவன்தான். கல்லாவில் உட்காரும்போது ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தவிர, அவர்கள் எல்லாரும் இப்போது என்னை "செக்ரட்டரி சார்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் "எலேய்" என்ற அழைப்பைத் தாண்டி உயராத ஒருவனுக்கு அது லேசான போதை இல்லை. பெஞ்சு ரோட்டைப் பார்க்கட்டும் என்று நானே தீர்மானம் எழுதினேன்.

வெயில் காலம் முழுவதும் வேலை நடந்தது. கிட்டங்கிகளை இடித்தோம். மண் அடித்தோம். பெஞ்சுகளை வரிசையாக வார்த்தோம். கால்வாய்க்கு இறங்கும் கல்படிகளில் யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று அவற்றின் மேல்முனையில் குரோட்டன்ஸ் தொட்டிகளை நெருக்கி வைத்து மறைத்தேன். அந்த யோசனை முழுக்க என்னுடையது. தினமும் கடை அடைத்ததும் நேரே அங்கே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன். வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் கேட்டாள். "முடிஞ்சுதா?"

"சிமென்ட் காயணும்."

"பள்ளிக்கொடம் தொறக்கதுக்கு முந்தி காயுமா?"

அண்ணன் பிள்ளைகளை விளையாடக் கூட்டிப் போகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "காஞ்சிரும், காஞ்சிரும். மொத பெஞ்சுல ஒன்னத்தான் உக்கார வைப்பேன்" என்றேன். பலகைக்கு அந்தப் பக்கம் அத்தை இருமினாள்.

ஒரு சனிக்கிழமை திறப்பு விழா நடந்தது. ஒலிபெருக்கியில் உபயதாரர்கள் பெயர்களை நான்தான் வாசித்தேன், தகப்பனார் பெயர்களோடு. அதற்கே பொழுது சாய்ந்துவிட்டது. ரோட்டிலிருந்து பார்த்தால் பெயர்கள் பிரமாதமாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் இருப்பதுதான் தெரியவில்லை. தேங்காய் மட்டை ஊறுகிற நாற்றம் மட்டும் வந்ததால் கால்வாய் அங்கேதான் இருக்கிறது என்று நம்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பாவின் பெஞ்சைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றேன். வீட்டில் ஒருவரும் தடுக்கவில்லை. ஆச்சரியமாக, செருப்பு மாட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளை அம்மா உள்ளே இழுத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும், பிள்ளைகள் யாரும் கூட வராமல், தெருவில் நடந்தோம். அவள் மல்லிகை வைத்திருந்தாள்.

வாசல் பக்கத்தில் அப்பாவின் பெஞ்சு. நான் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். "உக்காரு" என்றேன்.

அவள் உட்காரவில்லை. சாய்மானத்தையே பார்த்தாள். "எப்படிங்க உக்காருது? மாமா பேரு மேலயா முதுகக் குடுத்துச் சாயச் சொல்லுதீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். சாண் உயர எழுத்தில் அப்பா. மாமனார் எதிரே வந்தால் சுவரோடு ஒண்டி நிற்கிறவள் அவள். மாமனாரின் பெயரை வாயால் சொல்லாதவள். அந்தப் பெயரில் முதுகைச் சாய்ப்பாளா? பார்க்கு பூராவும் காய்ந்த சிமென்டைத் தினமும் தட்டிப் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை.

"அப்ப அடுத்த பெஞ்சு?"

"அது பருப்புக் கடை பெரியமாமா."

"அதுக்கு அடுத்தது?"

"அவங்க நம்ம கல்யாணத்துல முன்னால நின்னவங்க அல்லவா?"

எழுந்து நின்று பார்த்தேன். சாலையிலிருந்தும் ஆரியசாலையிலிருந்தும் வந்திருந்த எங்கள் வியாபாரிகள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு மாமனார், ஒருத்திக்குப் பெரியமாமனார், ஒருத்திக்குக் கணவனின் முதலாளி. கடைவீதியின் மருமகள்கள் அத்தனை பேருக்கும் சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சு இல்லாத பூங்காவை, ஒரு மருமகள் உட்கார்ந்து பேசுவதற்காக நான் கட்டியிருந்தேன். உட்கார்ந்தவர்கள் உள்ளூர்க் கல்லூரிப் பையன்கள்தான். அவர்களையும் வத்தல் மண்டிக்காரர் விட்டு வைக்கவில்லை. "மோனே, கொறச்சு நீங்கி இரிக்கு. பேரு மறையுதல்லே" என்று ஒவ்வொருவராக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

செய்வதறியாமல் நான் மட்டும் மறுபடியும் உட்கார்ந்தேன். எதிரே ரோடு. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். "என்ன அண்ணாச்சி, இங்கயும் கடை தொறந்தாச்சா? ஜெயா அரிசி வந்துட்டா?" அவரை அனுப்புவதற்குள் அடுத்தவர். அந்த வழியாகப் போன ஒருவர்கூட என்னிடம் அரிசி விலை கேட்காமல் போகவில்லை. நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம்.

திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணவில்லை.

பதறிப்போய் எழுந்து, இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே உடம்பை நெருக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே அவள் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். நகர்த்திவிட்டுக் கீழே இறங்கி, மூட்டை சுமந்தவர்களின் கால் பட்டுத் தேய்ந்த படி ஒன்றில், புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் தண்ணீர். மணல் ஏற்றிய வள்ளம் ஒன்று மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஆள் உயரச் சாய்மானங்கள். எங்களை யாரும் பார்க்க முடியாது, கேட்கவும் முடியாது. நான் கட்ட நினைத்த இடம் அதுதான். நான் தொட்டி வைத்து மறைத்ததும் அதைத்தான்.

"இப்ப சொல்லு" என்றேன்.

"சொல்லதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. நாளைக்குப் பள்ளிக்கொடம் தொறக்கு. நான் டீச்சர் வேலைக்குப் போறேன்."

எனக்கு வந்தது ஒரே வார்த்தை. "அப்பா?"

"மாமாகிட்ட சொல்லியாச்சு."

"எங்க வச்சு?"

"அடுக்களையில வச்சுத்தான். காப்பி குடுக்கும்போ. பக்கத்துல உங்க அம்மாவும் அண்ணியும் நின்னாங்க. பெரியத்தைக்குத்தான் காது நல்லா கேக்குமே, அவங்க ரூமுல இருந்தே கேட்டுட்டாங்க. நீங்க அப்ப கல்லுக்காரனப் பாக்கப் போயிருந்தீங்க."

"அப்பா என்ன சொன்னாரு?"

"'போயிட்டு வா மக்களே, பின்ன படிச்சது எதுக்காக்கும்'னு சொன்னாங்க. அவ்வளவுதான்."

நாலைந்து வருஷமாக நான் வாய் திறக்கப் பயந்த மனிதர். ஒரு டம்ளர் காப்பியில் முடிந்த விஷயம். "இது எப்ப நடந்தது?" என்று கேட்டேன்.

"பங்குனியில."

பங்குனியில் நான் எழுத்து விரல் உயரமா சாண் உயரமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வீடு முழுவதும் தெரிந்து, கண் தெரியாத அத்தைக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் ஒரு வேனற்காலமே போயிருக்கிறது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். குரலில் கோபம் இருந்தது. உள்ளே அழுகை மாதிரியும் ஏதோ இருந்தது.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாம தனியாப் பேச எடம் தேடுதோம்னு பெரியத்த அண்ணைக்கே கேட்டு மாமாகிட்ட சொல்லிட்டாங்க. மாமாதான் சொன்னாங்க. 'இப்ப அவன்கிட்ட சொல்லாத மக்களே. ஒனக்குப் பேச எடம் வேணும்னு அந்தப் பார்க்கக் கெட்டுதான். காரியம் முடிஞ்சுன்னு தெரிஞ்சா பாதியில போட்டுருவான். அப்புறம் கடைத்தெருவுல எவனும் அவன மதிக்க மாட்டான். கெட்டி முடிக்கட்டும், அங்க வச்சுச் சொல்லு'ன்னாங்க."

அப்பா எதற்காகத் தொண்டையைச் செருமினார், எதற்காக வாசல் பக்கத்து பெஞ்சைக் கேட்டார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக என் மண்டையில் இறங்கியது. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. என்னால் அடக்க முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. மேலே வத்தல் மண்டிக்காரர் "கீழ யாருவே அது?" என்று குரல் கொடுத்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் போகிற வரை மூச்சுக் காட்டாமல் இருந்தோம்.

பிறகு அவள் சொன்னாள். "உங்ககிட்ட சம்மதம் கேக்கல. மாமா சொல்லியாச்சு, அது போதும். இருந்தாலும் நீங்க ஒரு வார்த்த சொன்னா, நாளைக்குக் காலு நடுங்காமப் போவேன்."

முந்தைய நாள்தான் ஒலிபெருக்கி பிடித்து மணிக்கணக்கில் பேசியவன் நான். இப்போது ஒரு வார்த்தைக்குத் தேடினேன். "போயிட்டு வா" என்றேன். அப்பா சொன்ன அதே வார்த்தைதான்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு பின்னால் திரும்பி, மேல்படியின் கல்லைக் கையால் தடவிப் பார்த்தாள். அதில் யாருடைய பெயரும் இல்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.